முதல் பாடம் ‘மாட்டேன்’

இணையக் குழுவில் பல வருடம் என் இந்தியைத் திருத்திய அக்காவைப் போன மாதம்தான் தாம்பரம் ஸ்டேஷன் எதிரே டீக்கடையில் முதன்முதலாக நேரில் பார்த்தேன். ஒல்லியான உருவம், நரைத்த கிராப்பு, மடியில் ஹெல்மெட். குழுவில் ‘சரி’ என்று எழுதினாலும் முற்றுப்புள்ளி வைப்பார். பேச்சும் அப்படித்தான் இருந்தது.

நான் இப்போது ஆன்லைனில் சிலருக்கு இங்கிலீஷ் சொல்லித்தருவதாகச் சொன்னேன்.

“முதல் பாடம் என்ன?”

“ப்ளீஸ், சாரி, தேங்க் யூ.”

சிரித்தார். திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் பீகார் தொழிலாளர்களுக்குத் தமிழ் சொல்லித்தர அவரை அழைத்திருந்தார்களாம்.

“‘சரி சார்’, ‘இதோ வரேன் சார்’, இது போதும்னாரு மேனேஜர். நான் முதல் நாளே ‘மாட்டேன்’ சொல்லிக்கொடுத்தேன்.”

“‘முடியாது’ன்னு கொடுத்திருக்கலாமே அக்கா? கொஞ்சம் மரியாதையா இருக்கும்.”

“முடியாதுன்னா உடம்புக்கு என்னன்னு கேப்பாங்க. மாட்டேன்னா மனசு. பாதுகாப்பு மூடி கழட்டின மெஷின்ல கை வைக்கச் சொன்னா எதைச் சொல்லணும்?”

தொழிலாளி ஒருவர் அந்த வார்த்தையை மேனேஜரிடமே சொல்லிவிட, பட்டறையில் வகுப்பை நிறுத்திவிட்டார்களாம். இப்போது ஞாயிறுதோறும் ஊரப்பாக்கத்தில் தன் வீட்டு மொட்டை மாடியில் அதே ஆட்களுக்கு நடத்துகிறார்.

“பிரச்சினை வராதா?”

“வரட்டும். எனக்கு அவங்க விரல் பத்திதான் பயம்.”

டீயைக் குடித்து முடித்து ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அன்றிலிருந்து என் புது மாணவர்களுக்கு ‘சாரி’ சொல்லித்தர வாய் வரவில்லை. வேறு எதில் தொடங்குவது என்றும் தெரியவில்லை. அதை அக்காவிடம் கேட்டுக் குழுவில் எழுதினேன். ஞாயிறு மதியம், மாடி வகுப்பு முடிந்ததும், பதில் வந்தது.

“இன்னைக்குப் பன்மை நடத்தினேன். மாட்டோம்.”