விழுந்தாலும் ஒரு கீறல் இருக்காது

புது வண்டியில் எலுமிச்சம்பழம் நசுக்கிய கையோடு வருகிறவரிடம், அது கீழே விழுந்தால் என்ன ஆகும் என்று பேசியாக வேண்டிய தொழில் என்னுடையது. புதுக்கோட்டையில் பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். வாடிக்கையாளரிடம் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டவரா நீங்களும்? அப்படியானால் கேளுங்கள்.

எதுக்குங்க இது?

ஃப்ரேம் ஸ்லைடர் என்பது இன்ஜினின் இரண்டு பக்கமும் துருத்தி நிற்கும் நைலான் கட்டை. வண்டி சாய்ந்தால் கட்டை தரையில் உரசும், டேங்க் தப்பிக்கும். கறம்பக்குடி உரக்கடைக்காரர் ஒருவருக்கு ஆசையாக மாட்டிவிட்டேன். இன்ஜினுக்கு முன்னால் மாட்டும் பழைய கம்பி கிராஷ் கார்டில் காலை நீட்டி, பையைத் தொங்கவிட்டு ஓட்டிப் பழகிய மனிதர். மறுவாரமே திரும்பி வந்தார்.

"காலும் வைக்க முடியல, பையும் மாட்ட முடியல. எதுக்குங்க இது?"

கடை வாசல் வித்தை

அந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்லி மாளாது என்றுதான் வித்தையில் இறங்கினேன். ஸ்லைடர் மாட்டிய என் சொந்த வண்டியைக் கடை வாசலில் தொப்பென்று சாய்ப்பேன். தூக்கி நிறுத்தி, "விழுந்தாலும் ஒரு கீறல் இருக்காது" என்பேன். வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது.

ஆவூர்ப் பக்கத்து அருளும் அதைப் பார்த்துத்தான் வந்தான். கத்தாரில் வேலை கிடைத்து, மெடிக்கலும் பாஸாகி, அடுத்த மாதம் விமானம் ஏற வேண்டியவன். அதற்குள் ஆசை தீர ஓட்ட வேண்டுமாம். இன்ஜினுக்கு ஜாக்கி கொடுத்து, ஒவ்வொரு பக்கமாகப் போல்ட்டைக் கழற்றி மாட்டினேன். கிளம்பும்போது, "செருப்போட ஓட்டாத, ஷூ வாங்கு. பாத்துப் போ" என்றேன்.

"அதான் நீங்களே கீழ போட்டுக் காட்டிட்டீங்களேண்ணே, அப்பறம் என்ன பயம்?"

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

உளுந்தஞ்செடி

வல்லத்திராக்கோட்டைக்குப் போகும் ரோட்டில் உளுந்தஞ்செடியைக் காயப்போட்டிருந்தார்கள், வண்டிகள் ஏறி மிதிக்கட்டும் என்று. அருள் வேகத்தைக் குறைக்கவில்லை. வண்டி வழுக்கிக்கொண்டு போய் அவன் கணுக்கால் மேலேயே விழுந்தது. கத்தார்க்காரன் காத்திருப்பானா? வேறு ஆளை எடுத்துக்கொண்டான்.

அருளின் அப்பா விவசாயி. வண்டியை உருட்டிக்கொண்டு வந்து, "என்ன சேதம்னு பாருங்க தம்பி" என்றார். தேடித் தேடிப் பார்த்தேன். வலது பக்கக் கட்டை மட்டும் தேய்ந்திருந்தது. டேங்கில் என் முகம் தெரிந்தது. ஏதாவது உடைந்திருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொண்டது. சேதம் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

"அப்ப வண்டி பொழச்சுக்கிருச்சு. எங்க பயலுக்குத்தான் காலு சரியாக் கூடலைங்கிறாக."

அதே கட்டை

அன்றோடு வித்தையை விட்டேன். ஊர் விடவில்லை. அருள் வண்டியை விற்றுவிட்டான். வாங்கியவர் நேரே என்னிடம் ஓட்டிக்கொண்டு வந்தார். தேய்ந்த கட்டையைத் தடவிப் பார்த்தார். நடந்ததெல்லாம் அவருக்குத் தெரியும். நான்தான் இன்னொரு முறை முழுக்கச் சொன்னேன், பயந்தாவது போகட்டும் என்று. பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"ஆளு காலு போயும் வண்டிக்கு ஒண்ணும் ஆகலைல்ல? தேஞ்சதுக்குப் பதிலா அதே மாதிரிக் கட்டையவே போட்டு விடுங்க."

இத்தனை வருடத் தொழிலில், வாடிக்கையாளருக்கு நான் கொடுத்த வாக்கு அட்சரம் பிசகாமல் பலித்தது அருள் விஷயத்தில் மட்டும்தான்.