இடுப்பில் சாவியோடு ஒரு மாநாடு

கரமனையில் எங்கள் தெரு வாசகசாலைக்கு நான் லைப்ரரியன் ஆனதற்கு ஒரே தகுதி, என் வீடு அதற்கு எதிரில் இருப்பதுதான். படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் எனக்கு வயிற்றுவலி. பழைய லைப்ரரியன் மகளோடு வெளியூர் போய்விட்டார். வேறு யாரும் முன்வராததால் செக்ரட்டரி சாவியை என் கையில் வைத்தார்.

“ஒரு மாசம் பாப்போம் ஆச்சி. சாயங்காலம் நாலு மணிக்குக் கதவத் தொறக்கணும். ஒரு நாள் பூட்டிக் கெடந்தாலும் சாவிய வாங்கிருவேன், கேட்டியளா?”

எனக்கோ வேலை பிடித்துப்போயிற்று. மருமகள் முகத்தையே பார்த்திருந்தவளுக்கு, பேப்பருக்காக அடித்துக்கொள்ளும் கிழவர்களை அதட்டுவது என்ன சுகம்!

அந்த மாதமே லைப்ரரியன்களுக்கு ஒரு மாநாடு வந்தது. புதியவர்கள் கட்டாயம் வரவேண்டுமாம். மதியத்தோடு முடியும் என்றார்கள். கழுத்தில் பேட்ஜ் மாட்டி, கையில் ஒரு பையும் தந்தார்கள். தலைப்பு, வாசகரை வரவழைப்பது எப்படி.

சாப்பாடு முடிந்தும் மாநாடு முடியவில்லை. திரையில் வட்டம் காட்டினார்கள், வட்டத்துக்குள் அம்பு காட்டினார்கள். கடிகாரம் மூன்றைத் தாண்டியது. இடுப்பில் செருகிய சாவி குத்திக்கொண்டே இருந்தது. இருந்தது அந்த ஒரே சாவிதான். மருமகளிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். அப்புறம் அவளல்லவா லைப்ரரியன்!

எழுந்தேன், உட்கார்ந்தேன். தாகமில்லாமல் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். பக்கத்திலிருந்த, வலியசாலை வாசகசாலையிலிருந்து வந்தவள் கிசுகிசுத்தாள்.

“என்ன ஆச்சி, நாற்காலியில மூட்டப்பூச்சியா?”

“மூட்டப்பூச்சின்னா நசுக்கிருப்பேனே மக்ளே!”

மேடையிலிருந்த தலைவர் கவனித்துவிட்டார். “அம்மே, எந்தெங்கிலும் பறயணோ?” ஏதாவது சொல்லணுமா என்று மலையாளத்தில் கேட்டார்.

“பறயணும் சாரே. வாசகர வரவழைக்க வழி சொல்லுதீங்க. எங்க தெருவுல அவங்க இப்பமே வாசல்ல வந்து நிப்பாங்க. சாவி என் இடுப்புல கெடக்கு. என்னைய விட்டாப் போதும்.”

ஹாலே சிரித்தது. பிறகு சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. வலியசாலைக்காரி பைக்குள் கையை விட்டாள். முன்னால் ஒருவர் சட்டைப்பையைத் தடவினார். எங்கும் சாவிச் சத்தம். எல்லா வாசகசாலையையும் பூட்டிவிட்டு வந்து, வாசகர் ஏன் வருவதில்லை என்று பேசிக்கொண்டிருந்தோம்!

தலைவரும் தன் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்துப் பார்த்தார். “அய்யோ, என்றேதும் இவிடெத்தன்னெ!” அவர் சாவியும் இங்கேதான். உடனே அங்கேயே ஒரு தீர்மானம் போட்டார்கள்: இனி இரண்டாவது சாவி அந்தந்த வாசகசாலை செக்ரட்டரியிடம் இருக்கவேண்டும். கைதட்டி முடியுமுன் நான் தெருவில் இருந்தேன்.

பஸ் கிள்ளிப்பாலம் நெரிசலில் நகரவே மாட்டேன் என்றது. இறங்கி நடக்கலாமா என்று எழுந்து எழுந்து பார்த்து, கண்டக்டரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நான் போய்ச் சேரும்போது நாலு மணி எப்போதோ போய்விட்டது. கிழவர்கள் படியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் செக்ரட்டரி கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

“சாவிய எடுங்க ஆச்சி.”

“எடுக்கேன். மாநாட்டுல தீர்மானம் போட்டாச்சு, செக்ரட்டரிகிட்டயும் ஒரு சாவி இருக்கணுமாம். நான் வராத அன்னைக்கு நீங்கதான் தொறந்து, பெருக்கி, இவங்க வழக்கையும் தீக்கணும். இந்தாங்க, இப்பமே ஆரம்பிங்க.”

ஒரு கிழவர் ஆரம்பித்தே விட்டார். “செக்ரட்டரி, நேத்து இந்த ஆளு ஸ்போர்ட்ஸ் பக்கத்த மடியில வச்சு ஒறங்கிட்டாரு...”

“ஒறங்கினது நானா நீயாடே?”

நீட்டிய கை வேட்டியைச் சரிசெய்யப் போய்விட்டது.

“மொதல்ல நீங்க கதவத் தொறங்க ஆச்சி.”

திறந்தேன். இரண்டாவது சாவியை இன்றுவரை யாரும் செய்யவில்லை.