கேக் வைக்கும் இடத்தில் நபீலா

1990இல் மன்னார் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, ஆறு வயதில் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு எத்தாளைக்கு வந்தவர் நபீலா. முப்பது வயதில் எத்தாளையிலிருந்து புத்தளம் வரைக்கும் கல்யாண வீடுகளில் அவருடைய அடுக்குக் கேக்குக்குத் தனிப் பேர். 2014இல் அவரும் கணவர் முத்தலிபும் முந்தலில் ஒரு பழைய வான் வாங்கினார்கள். அதுவரை ஓட்டோவில், மடியில் வைத்துத்தான் கேக் போனது.

வானில் போன முதல் கேக்கின் மேலடுக்கு பிளந்துவிட்டது. மணமகள் வீட்டுக் குசினியில் நின்று நபீலா ஐசிங் ரோஜாக்களால் வெடிப்பை மூடினார். அடுத்த கேக் மூன்றடுக்காகப் புறப்பட்டு இரண்டடுக்காக இறங்கியது.

“ஓட்டோ ஓட்டுற மாதிரியே வான ஓட்டுறீங்க” என்றார் நபீலா.

“இருபதுலதானே போறன்! எனக்கு ஒரு குலுக்கமும் தெரியல்லயே” என்றார் முத்தலிபு.

நபீலா யோசித்தார். முத்தலிபு முன்னால் மெத்தை ஆசனத்தில் இருக்கிறார். கேக் வானின் பின்சில்லுகளுக்கு நேர் மேலே வெறும் தரையில் இருக்கிறது. மறுநாள் கேக் வைக்கும் இடத்தில் தானே போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

“இப்ப எடுங்க.”

சந்தி வரை போய்த் திரும்புவதற்குள் தலை இரண்டு தரம் கூரையில் இடித்தது. சரிந்த முக்காட்டோடு இறங்கியவர் சிரிக்கத் தொடங்கிவிட்டார். “கேக் பாவம்!”

நேரே முந்தலுக்குப் போய், கராஜ் வைத்திருக்கும் சாள்ஸிடம் வானைக் காட்டினார்கள். சாள்ஸ் அடியில் படுத்துப் பார்த்தார்.

“தங்கச்சி, இது உப்பு மூட்டை ஏத்தின வான். பாரம் தாங்க ஸ்பிரிங்ல ரெண்டு தகடு கூடப் போட்டிருக்காங்க. மூட்டை இருந்தாத்தான் அது வளைஞ்சு குடுக்கும். உங்கட கேக் எத்தின கிலோ?”

“பன்னிரண்டு.”

அடியிலிருந்து வந்த சிரிப்பு அடங்கச் சற்று நேரமானது.

தகடுகளைக் கழற்றியதும் பள்ளங்கள் மெத்தென்று கடந்தன. ஆனால் வேறொரு தொல்லை வந்தது. ஒரு பள்ளத்தைத் தாண்டினால் வான் வெகுநேரம் எழும்பி எழும்பித் தணிந்தது. வளைவில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பின்னால் இருந்த நபீலா இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு வழுக்கிப் போனார்.

“ஸ்டியரிங் என்ட சொல்லுக் கேக்குதில்ல” என்று முத்தலிபும் பயந்தார்.

திரும்பவும் சாள்ஸிடம் போனார்கள். அவர் வானின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் அமுக்கிவிட்டார். அது மூன்று தரம் ஆடியது.

“சொக் அப்சோபர் செத்துப் போச்சு. ஸ்பிரிங் அடிய வாங்கும். அந்த ஆட்டத்த நிப்பாட்டுறது சொக். முந்தி ஸ்பிரிங் இறுக்கமா இருந்ததால இது வெளிய தெரியல்ல.”

“அப்ப நல்லா இறுக்கமான சொக்காப் போடுங்க” என்றார் முத்தலிபு.

“போட்டா வளைவுல நல்லா நிக்கும், கேக் திரும்பவும் துள்ளும். நடுத்தரமாப் போடுவம்.”

சாள்ஸ் சொக் இரண்டையும், இணைப்புகளில் தேய்ந்துபோயிருந்த ரப்பர் புஷ்களையும் மாற்றினார். ரயரில் அளவுக்கு மிஞ்சியிருந்த காற்றையும் குறைத்தார். நபீலா மறுபடி பின்னால் ஏறினார். ஒரு சுற்றுப் போய் வந்து முத்தலிபு கதவைத் திறந்தபோது உள்ளே நபீலா கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை நான்கடுக்குக் கேக் ஒன்று புத்தளம் போனது. கண்ணை மூடிக்கொண்டுதான் நபீலா கதவைத் திறந்தார். ஒரு ரோஜா இதழ்கூட அசைந்திருக்கவில்லை. “அல்ஹம்துலில்லாஹ்!” என்று அவர் போட்ட சத்தத்தில் மணமகனே வாசலுக்கு ஓடி வந்துவிட்டார்.

கதை ஊரில் பரவியது. இரண்டு கிழமை கழித்து, ஒரு காலையில், பக்கத்து வீட்டு ஹஃபீலாவுக்குப் பிரசவ வலி கண்டது. ஓட்டோ வாசலில் நின்றும் அவர் ஏற மறுத்தார்.

“எனக்கு நபீலாட வான்தான் வேணும்.”

மெத்தை விரித்துக் கூட்டிப் போனார்கள். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது, “வந்துட்டமா?” என்று ஹஃபீலா கேட்டார். பகல் சாப்பாட்டுக்கு முன் மகள் பிறந்தாள். அவளுடைய முதலாவது பிறந்தநாள் கேக்குக்கு நபீலா அன்றே வாக்குக் கொடுத்துவிட்டார்.