கலேபின் மெஷின்

கிதியோனுக்கு நாற்பது வயது தாண்டித்தான் கல்யாணம் ஆனது. பெண் ஆனி, விதவை. ஹைதராபாத்தின் திருமுல்கேரியில், ராணுவக் குடியிருப்பின் மதிலை ஒட்டிய தெருவில், பேனர் அச்சடிக்கும் கடை வைத்திருந்தவள். பாளையங்கோட்டையில் இருந்த அண்ணன்மார், "கடையோட சேத்துல்லா கெட்டியிருக்கான்" என்று சொல்லிச் சிரித்ததாக அவன் காதுக்கு வந்தது. அவன் கோபப்படவில்லை. கடையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டது உண்மைதான். கூடவே இன்னொரு ஆளையும் கட்டிக்கொண்டுவிட்டோம் என்பது பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது.

அந்த ஆள் கலேப், ஆனியின் முதல் கணவன். நுரையீரல் கெட்டு, ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்து இறந்துபோய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அவனுடைய படம் வீட்டிலும் இருந்தது, கடைச் சுவரிலும் இருந்தது. படத்தைக் கிதியோன் பொருட்படுத்தவில்லை. படத்தில் இருப்பவன் சும்மா இருந்தான். மெஷினில் இருந்தவன்தான் சும்மா இருக்கவில்லை.

ஆறடி அகல பிளெக்ஸில் அச்சடிக்கும் மெஷின் அது. குறுக்கே நீளமாக ஒரு ரெயில். மை தெளிக்கும் ஹெட்டுகளைச் சுமந்துகொண்டு அந்த ரெயிலின்மேல் இடமும் வலமும் ஓடுகிற பெட்டிக்குக் கேரியேஜ் என்று பெயர். அது இழையளவு தாழ்ந்தால் போதும், ஹெட் பிளெக்ஸில் உரசும். உரசினால் படத்தின்மேல் கோடு விழும். இன்னும் இடித்தால் ஹெட்டே போய்விடும்.

கிதியோன் இதில் ஊறியவன். டிப்ளமா முடித்துவிட்டு, மெஷின் விற்கும் கம்பெனி ஒன்றின் சர்வீஸ் ஆளாக ஹைதராபாத் வந்தான். கச்சிபௌலியின் கண்ணாடிக் கட்டடங்களுக்கு விளம்பரம் அடிப்பவர்கள் முதல் போலாரத்தில் பள்ளி ஆண்டுவிழா பேனர் அடிப்பவர்கள் வரை எல்லோருக்கும் அவனைத் தெரியும். போனதும் கரண்டை அணைத்துவிட்டு, கேரியேஜை உள்ளங்கையால் மெல்லத் தள்ளுவான். பெல்ட் தளர்ந்திருந்தால் ஒரு துள்ளல், பேரிங் தேய்ந்திருந்தால் ஒரு கரகரப்பு, கேபிள் சங்கிலி இழுத்தால் போகப்போக ஒரு பாரம். பத்துப் பேர் சுற்றி நின்று பத்து விதமாகச் சொன்னாலும் அவன் கை சொன்னதைத்தான் கேட்பான். "கிதியோனைக் கூப்பிடு" என்று ஊரே சொன்ன காலம் அது.

கல்யாணத்தைப் பேசி முடித்தவர் சபைப் போதகர் ஐயரின் மனைவி ரோஸ்லின் அம்மா. கோயிலில் கல்யாண ஓலை வாசித்த ஞாயிறுகளில், யாருக்காவது தடை உண்டா என்று ஐயர் கேட்டு நிறுத்தியபோதெல்லாம் கிதியோன் தன்னையறியாமல் திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தான். யாரும் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க வேண்டியவன் வேறெங்கும் இல்லை, கடையில்தான் காத்திருந்தான்.

கல்யாணமான கையோடு, வெளியில் எதற்கு அலைய வேண்டும், நம் கடையையே பாருங்கள் என்றாள் ஆனி. அவனும் வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான். அன்றைக்கே தொடங்கியது. மெஷின் லேசாக முனகினால், அதை ஓட்டுகிற வினய் கையைக் கட்டிக்கொண்டு, கலேப் சார் இருந்தால் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடுவார் என்பான். வாடிக்கையாளர்கள் வந்ததும், கலேபின் மெஷின் இன்னும் ஓடுகிறதா என்று கேட்பார்கள். எதிர்க்கடை டீக்காரர்கூட, வெளியூர் மெக்கானிக்குகள் கைவிட்ட மெஷினைக் கலேப் எப்படி எழுப்பி உட்கார வைத்தான் என்ற கதையைக் கிதியோனுக்கே சொன்னார். டீ ஆறிப்போகும் வரை சொன்னார்.

போதாததற்கு, மெஷினுக்குள் எங்கே கையை விட்டாலும் அவன் முன்னாலேயே வந்துபோயிருந்தான். கேபிள் சங்கிலி சத்தம் போடாமலிருக்க ஓர் இடத்தில் நூல் சுற்றியிருந்தது. போல்ட்டுகள் தளர்ந்தால் தெரியும்படி, தலையிலிருந்து சட்டம் வரை சின்னதாய் ஒரு சிவப்புக் கோடு. கிதியோன் நகத்தால் சுரண்டிப் பார்த்தான். நெயில் பாலிஷ். அதுதான் அவனை அதிகம் அறுத்தது. கலேப் அவளுடைய அலமாரியைத் திறந்து அந்தக் குப்பியை எடுப்பதும், அவள் பொய்க்கோபத்தோடு பிடுங்க வருவதும், அவன் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுவதும் கண்ணுக்கு முன்னால் நடந்தன. ஆனி இப்போது நெயில் பாலிஷ் போடுவதில்லை. கிதியோனோடு கல்யாணம் நடந்த அன்றும் அவள் விரல்கள் வெறுமையாகத்தான் இருந்தன.

அவனுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த மெஷினைத் தான் ஒருமுறை சரிசெய்ய வேண்டும். சரிசெய்தது கிதியோன் என்று யாராவது ஒருமுறை சொல்ல வேண்டும். அதுவரை அந்தக் கடையில் தான் விருந்தாளிதான் என்று அவனுக்குத் தோன்றியது.

ஆனி போலாரத்தில் சித்தி வீட்டுக்குப் போயிருந்த ஒரு நாள், எண்ணெய் விடுவதற்காக மெஷினின் இடதுபக்க மூடியைக் கழற்றினான். ரெயிலைத் தாங்கும் இரும்புக்கும் சட்டத்துக்கும் நடுவே கறுப்பாக ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. போல்ட்டைத் தளர்த்தி உருவினான். மெல்லிய ஒரு துண்டு. வெளிச்சத்தில் பிடித்தால் ஒரு விலா எலும்பின் சாம்பல் நிழல். எக்ஸ்ரே ஃபிலிம். ஓரத்தில் ஆங்கிலத்தில் கலேபின் பெயர், பாதி வெட்டுப்பட்டு.

சுவரில் இருக்கிறான், வாடிக்கையாளர் வாயில் இருக்கிறான், இப்போது ரெயிலுக்கு அடியிலும் படுத்திருக்கிறான் என்று கிதியோனுக்குப் பொங்கியது. இது முறையான வேலையில்லை, ஒப்பேற்றல் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஃபிலிம் இல்லாமலேயே போல்ட்டுகளை இறுக்கினான். ரசமட்டம் வைத்துப் பார்த்தான், ரெயில் நூல் பிடித்தாற்போல் இருந்தது. கேரியேஜைத் தள்ளினான், வெண்ணெயாகப் போனது. ஃபிலிமைக் கழிவு டிரம்மில் போட்டான். மறுநாள் குப்பை வண்டி வந்து அள்ளிக்கொண்டு போனது. ஆனியிடம் அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இரண்டு நாள் மெஷின் அருமையாக ஓடியது. மெஷினில் இன்று சத்தமே இல்லை என்றான் வினய். அது ஏன் என்று நினைக்கிறாய் என்று கிதியோன் ஆசையாகக் கேட்டான். "கலேப் சார் மெஷின் இல்லையா சார்" என்றான் வினய்.

அந்த வாரமே சரக்கு வந்தது. பிளெக்ஸ் ரோல்களை வழக்கம்போல இடதுபக்கச் சுவரோரம் அடுக்கினார்கள். குறுகலான கடை, வேறு இடம் கிடையாது. பின்னாலேயே சபைச் செயலர் தேவராஜ் கன்வென்ஷன் கூட்டத்துக்கான பேனர் ஆர்டரோடு வந்தார். வாசலுக்கு ஒன்று, மேடைக்கு ஒன்று. மறுநாள் மாலை கூட்டம் தொடங்குகிறது, காலையில் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மேடை பேனர் பாதி ஓடியபோது இடது கோடியில் டக் என்று ஒரு சத்தம். மறுபடி ஒரு டக். கேரியேஜ் நின்றது, சிவப்பு விளக்கு எரிந்தது. பிரசங்கியாரின் முகத்தின் குறுக்கே நெற்றியிலிருந்து தாடை வரை ஒரு கறுப்புக் கோடு.

கிதியோன் கரண்டை அணைத்துவிட்டுத் தொடங்கினான். பெல்ட்டை அழுத்திப் பார்த்தான், சரியாக இருந்தது. பேரிங்கில் கரகரப்பு இல்லை. கேரியேஜ் எங்கே நிற்கிறது என்று மெஷின் அறிந்துகொள்வது, ரெயிலோடு ஓடும், கண்ணாடிபோல் தெளிந்த ஒரு நாடாவில் உள்ள கோடுகளை வைத்துத்தான். அதையும் துணியால் ஒற்றி எடுத்தான். மறுபடி ஓட்டினான். அதே இடத்தில் டக். ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் என்ன மிஞ்சும் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் அந்த மூடிப்பக்கம் மட்டும் போகாமல், சரியாக இருந்த பெல்ட்டையே இன்னொரு முறை கழற்றி மாட்டினான்.

அதுவரை கல்லாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஆனி, அவனைத் தாண்டிப் போய் இடது மூடியைத் திறந்தாள். குனிந்து பார்த்தாள்.

"இங்க ஒரு ஃபிலிம் இருந்துச்சே. எங்க?"

"எந்த ஃபிலிம்?"

"நக்கோங்க, வேணாம். தெரிஞ்சுக்கிட்டே கேக்காதீங்க."

வினய் டீ வாங்கி வருவதாக முணுமுணுத்துவிட்டு வெளியே நழுவினான்.

"எடுத்து வீசிட்டேன்" என்றான் கிதியோன். "ஊரெல்லாம் அவன் பேருதான். மெஷினுக்குள்ளயும் அவன் பேருதான் இருக்கணுமா? அதுக்கு நான் எண்ணெய் விட்டுக்கிட்டே கெடக்கணுமா?"

ஆனி எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்தான். அவள் அழவில்லை.

"அவர் வச்சார்னு யார் சொன்னா உங்களுக்கு? அவருக்கு ஸ்பானர் எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியாது. நான் வச்சது அது."

பிறகு மெதுவாகச் சொன்னாள். கலேப் நன்றாகப் பேசுவான்; வருகிறவர்களைச் சிரிக்க வைத்தே ஆர்டர் வாங்கிவிடுவான். மெஷினைத் திறந்து மூடியதெல்லாம் அவள். பொம்பளை கை வைத்த மெஷின் என்று தெரிந்தால் வாடிக்கையாளர் முகம் கோணுகிறது, கம்பெனி ஆளைக் கூப்பிடு என்கிறார்கள். அதனால் எல்லாவற்றுக்கும், அவர் பார்த்தார் என்று சொல்லிவைத்தாள். நூல் சுற்றியது அவள், நெயில் பாலிஷ் வைத்தது அவள்.

"ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டு, மெஷின் ஓடுதான்னு கேப்பார். நீங்க சொன்ன மாதிரியே பண்ணேன், ஓடுதுன்னு சொல்லுவேன். அவர் எதுவும் சொல்லியே இருக்க மாட்டார். ஆனா சிரிப்பார். ஒருநாள் ரெயில் தட்டுச்சு. கையில அந்த எக்ஸ்ரே கவர்தான் இருந்துச்சு. வெட்டி வச்சேன். அவர் போனப்புறமும், எல்லாம் அவர் பண்ணி வச்சதுன்னே சொல்லிக்கிட்டு இருந்துட்டேன். மாத்திச் சொல்ல மனசு வரல."

இதைக் கேட்டுக் கிதியோனுக்கு நெஞ்சு லேசாகியிருக்க வேண்டும். போட்டிக்கு நின்றவன் போட்டிக்கே வராதவன் என்று தெரிந்துவிட்டது. ஆனால் நெருப்பு இன்னும் உள்ளே இறங்கியது. கலேப் கெட்டிக்காரனாக இருந்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். ஒன்றும் தெரியாத ஒருவனுக்கு, ஒருத்தி தன் கை செய்த அத்தனையின் பேரையும் எடுத்து வைத்திருக்கிறாள். தட்டில் சோறு வைப்பதுபோலத் தினமும் வைத்திருக்கிறாள். செத்த பிறகும் நிறுத்தவில்லை. தனக்கு அவள் என்ன வைத்தாள் என்று நினைத்துப் பார்த்தான். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"அந்தத் துண்டு..." என்று தொடங்கினான்.

"போச்சுல்ல. விடுங்க. பேனரைப் பாப்போம்" என்றாள் ஆனி. ஆனால் மூடியின் ஓரத்தை அவள் பிடித்திருந்த பிடி உடனே தளரவில்லை.

இடதுபக்கத் தரையில் பதித்த ஷாபாத் கல்லுக்கு அடியில் மண் இறங்கியிருக்கிறது என்றாள். ரோல்களை அடுக்கினால் கல் அமுங்கும், மெஷினின் அந்தக் கால் தாழும், சட்டம் முறுக்கிக்கொள்ளும்; அந்தத் தாழ்வை ஈடுகட்டத்தான் ஃபிலிம். சுவரோரம் காலியாக இருக்கும் நாளில் ரசமட்டம் வைத்தால் எல்லாம் நேராகத்தான் காட்டும். தான் சோதித்த அன்று அந்தச் சுவரோரம் எப்படி இருந்தது என்பது கிதியோனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு வார்த்தை அவளைக் கேட்டிருந்தால் போதும்.

அவன் மெஷினுக்கு அடியில் மல்லாந்து படுத்துக் காலடி போல்ட்டில் ஸ்பானரை மாட்டினான். மேலே ஆனி கேரியேஜின்மேல் உள்ளங்கையை வைத்து மெல்லத் தள்ளினாள். "கொஞ்சம் ஏத்துங்க." ஏற்றினான். "இன்னும் கொஞ்சம். ஹவ், சரி, அங்கயே." அவன் கண்ணுக்கு அவளுடைய செருப்புகள் மட்டுமே தெரிந்தன. கேரியேஜ் இடது கோடிக்கும் வலது கோடிக்கும் போய்வரும் ஓசை கேட்டது. அவள் கை தன் கையைப் போலவே தள்ளியது. அவசரமில்லாமல், காது கொடுத்து. இத்தனை மாதம் ஒரே வீட்டில் இருந்தும் அவன் அறியாத ஒன்று அது. மாலைக்குள் இரண்டு பேனரும் கோடில்லாமல் வந்துவிட்டன.

காலையில் தேவராஜ் வந்தார். மெஷின் மக்கர் பண்ணியதை வெளியிலேயே வினய் சொல்லியிருந்தான். கம்பெனி ஆள் வந்தானா என்று கேட்டார்.

"கம்பெனி ஆள் எதுக்கு, அங்கிள்?" என்றாள் ஆனி. "இவர்தான் சரி பண்ணார். கீழ படுத்துப் பண்ணார்."

தேவராஜ் கிதியோனின் தோளில் தட்டினார். கலேபுக்கு அப்புறம் இந்தக் கடை என்ன ஆகுமோ என்று கவலைப்பட்டதாகவும், இனி அது இல்லை என்றும் சொன்னார். கிதியோன் வாயைத் திறந்தான். உள்ளதைச் சொல்வதற்கு அது நல்ல இடம். ஆனி நிமிராமல் பேனரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அவள் மணிக்கட்டில் கிரீஸ் இன்னும் முழுக்கப் போகவில்லை.

"ஏதோ, பாத்துப் பண்ணினேன் ஐயா" என்றான்.

நெஞ்சில் மாதக்கணக்காக எரிந்துகொண்டிருந்தது சட்டென்று அடங்கியது. தேவராஜின் ஆட்டோ தெருமுனை திரும்புவதற்குள் மறுபடி புகைந்தது. கலேபுக்கும் இதே குரலில்தான் சொல்லியிருப்பாளோ?

கேட்டே விட்டான். "அவனைப் பத்திச் சொல்லும்போதும் இப்படித்தான் சொல்லுவியா?"

"இப்படித்தான்" என்றாள் ஆனி. பிளெக்ஸ் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே, கொஞ்சம் யோசித்து, "ஆனா பேர் வாங்கும்போது அவர் உங்களை மாதிரி முழிக்க மாட்டார்" என்றாள்.

அது பாராட்டா, கேலியா என்று கிதியோனுக்குத் தெரியவில்லை. எதுவானாலும் கலேபுக்குக் கிடைக்காத ஒன்று. அதை வைத்துக்கொண்டான்.