பதினான்கு நாள் கேட்ட அக்கா

இந்த நினைவு மலரை உறவினர்களும் நண்பர்களும் கையில் வாங்கும்போது எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைந்திருக்கும். எழுதும் தகுதி எனக்கு இருக்கிறதா என்ற கூச்சத்தோடுதான் அவருடைய ஒரே தம்பியாகிய நான் எழுதுகிறேன்.

அக்கா சோழவந்தான் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். அவர் படிப்பை முடித்த கையோடு அப்பா காலமானார். மதுரையில் ஆசிரியை வேலை கிடைத்ததும், அம்மாவையும் என்னையும் பழங்காநத்தத்து வாடகை வீட்டுக்கு அழைத்து வந்தார். என்னைப் படிக்க வைத்து, எனக்குக் கல்யாணமும் செய்து வைத்தார். தனக்கென்று ஒரு குடும்பம் தேடிக்கொள்ளவில்லை.

பன்னிரண்டாம் வகுப்புக்கு அரசியல் அறிவியல் நடத்தினார். மாநிலங்களவை எதற்கு என்று ஒருமுறை நான் கேட்டபோது, "டெல்லியில கை தூக்குறவுகளுக்கு நம்ம ஊரு கம்மாய் தெரியுமாடா? அதுக்குத்தான் மாநிலத்து ஆளுக உக்காந்து இன்னொருக்கா பாக்குறாக" என்றார். பண மசோதாவை அந்த அவையால் தடுக்க முடியாது, பதினான்கு நாள் வைத்திருந்து திருத்தம் சொல்லலாம், அவ்வளவுதான் என்பதும் அவர் சொல்லித் தெரிந்ததே. நம் மாநிலத்திலும் மேலவை இருந்த காலத்தில், ஆசிரியர் தொகுதியில் அக்கா ஓட்டுப் போட்டிருக்கிறார். அதைக் கலைத்த அன்று, "குறுக்க கேள்வி கேக்க ஒரு இடம் இருந்துச்சு, அதுவும் போச்சு" என்று வருத்தப்பட்டார்.

எங்கள் வீட்டுக்கு அக்காதான் மேல்சபை. மேலதிகாரி திட்டிவிட்டார் என்று நான் ராஜினாமா கடிதம் எழுதியபோது, அதை வாங்கித் தன் சேலைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டார். "பரிசீலனையில இருக்கு, நீ சாப்பிடு" என்றார். மூன்றாம் நாள் நானே கேட்டு வாங்கிக் கிழித்துப் போட்டேன். அந்த வேலையில்தான் ஓய்வும் பெற்றேன்.

இனி நான் வெட்கப்பட வேண்டிய பகுதி. என் மகன் ஒத்தக்கடையில் அடுக்ககத்தில் வீடு வாங்கினான். தை முடியுமுன் பால் காய்ச்சி, அன்றே குடிபோவது என்று மகன், மருமகள், மனைவி, நான் நால்வரும் முடிவெடுத்தோம். ஓய்வுக்குப் பிறகும் பழங்காநத்தத்து வீட்டில் தெருப் பெண்பிள்ளைகள் ஐந்தாறு பேருக்கு அக்கா மாலையில் பாடம் நடத்தி வந்தார். அவர்கள் போகும்வரை டிவி பார்க்க முடியவில்லை என்பது ஒன்றே எனக்கிருந்த கவலை.

அக்கா சொன்னார்: "பாலை தையிலயே காய்ச்சிருங்க. குடிபோறத மட்டும் பதினாலு நாள் தள்ளி வையி தம்பி. நான் தடுக்கல."

"மேல்சபையைத்தான் எப்பவோ கலைச்சாச்சேக்கா" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். எழுந்து போய்த் தன் புத்தகங்களைக் கட்டத் தொடங்கினார்.

ஒத்தக்கடைக்கு வந்த பிறகு தினமும் மதியம், "கோயிலுக்குப் போறேன்" என்று கிளம்புவார். இருட்டிய பிறகுதான் திரும்புவார். இந்த வயதில் எம்புட்டு பக்தி என்று கேலி வேறு செய்தேன். கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்தபோதுதான் ஏதோ உறுத்தி, "அன்னைக்கு எதுக்குக்கா பதினாலு நாள் கேட்ட?" என்றேன்.

"புள்ளைகளுக்குப் பரிச்சைக்கு முன்னாடி ரெண்டு பாடம் பாக்கி. ரெண்டு பஸ் மாறிப் போயி முடிச்சுட்டேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா."

"நீ கேக்கவே இல்லையேடா."

குற்றம் சொல்கிற குரலில் சொல்லவில்லை. பாடத்தில் விட்டுப்போன வரியை எடுத்துக் கொடுப்பதுபோலச் சொன்னார். நான்கு பேர் கை தூக்கிவிட்டால் ஐந்தாவது ஆளிடம் கேட்க ஒன்றுமில்லை என்று நினைத்தவன் நான். என்னை வளர்த்தவரிடமே அப்படி நடந்துகொண்டேன். அதற்கு மன்னிப்புக் கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. மறுவாரம் அக்கா போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் அக்காவைப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், விளாங்குடியிலிருந்து நாள் தவறாமல் சாப்பாடு கொண்டுவந்த சித்தி மகளுக்கும், தேர்ச்சி பெற்று, மாலையோடு வந்து எங்கள் எல்லோரையும்விட அதிகமாக அழுத அந்தப் பெண்பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்தும் உடனே அச்சுக்குக் கொடுக்கவில்லை. அக்காவின் சேலைகளுக்கு அடியில் பதினான்கு நாள் வைத்திருந்தேன். ஒரு திருத்தமும் இல்லாமல் வைத்தபடியே இருந்தது.