கை தட்டாத சபையில் என் தம்பி மனைவி

என் தம்பி மனைவி ஒரே ஒரு தடவைதான் மேடையில் உட்கார்ந்து பாடினாள். அதன் பிறகு பாடவில்லை. வீட்டில்கூடப் பாடவில்லை. கேட்டவர்களிடம் எல்லாம், பிள்ளை பிறந்ததும் குரல் போய்விட்டது என்று சொல்லி வைத்திருந்தோம். குரல் எங்கேயும் போகவில்லை. நான் ஒரு பொய் சொன்னேன், அதனால் பாட்டு நின்றது. இதை எழுத இத்தனை வருஷம் எடுத்துக்கொண்டதற்கு எனக்கே என்மேல் கோபமாக இருக்கிறது.

எழுபதுகளின் தொடக்கம். மலையாளத்து ஊரில், பழவங்காடி கணபதி கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தோம். அப்பா காலத்தில் நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். நான் சர்க்கார் ஆபீசில் டைப்பிஸ்ட். தம்பிக்குப் பாத்திரக் கடையில் வேலை. எனக்கு முப்பத்து மூன்று வயது, கல்யாணம் ஆகவில்லை. மூத்தவள் நான் இருக்கும்போதே தம்பிக்குக் கட்டி வைத்தேன். நான் ஆபீஸ் போனால் வீட்டில் சமைக்க ஆள் வேண்டும். அப்படித்தான் யோசித்தேன். அதை வேறு மாதிரி அலங்காரமாகச் சொல்ல எனக்கு வராது.

பெண் திருநெல்வேலிக்குக் கிழக்கே ஒரு ஊர். அங்கே ஒரு பாட்டு வாத்தியாரிடம் நாலு வருஷம் படித்திருந்தாள். ஆனால் அவர் சொல்லிக் கொடுத்ததைப் பாட மாட்டாள். தானே கட்டிய பாட்டுகள்தான். அதில் சாமி கிடையாது, காதலும் கிடையாது. தெருக் குழாயில் தண்ணீர் பிடிக்கிற பெண்களைப் பற்றி ஒன்று:

குடம் நிறையும் மட்டும் பேசிக்கொள்ளலாம்,
நிறைந்து போனால் வீட்டுக்குப் போகணும்.

ஊருக்குக் கடிதம் எழுதுகிற மகளைப் பற்றி ஒன்று:

சௌக்கியம் என்று எழுதிவிட்டேன் அம்மா,
மிச்சத்துக்கு இன்லண்டில் இடமில்லை.

அரைக்கும்போதும் துவைக்கும்போதும் முனகுவாள். எனக்கு எரிச்சலாக வரும். "ஏ பிள்ள, ரேடியோவ நிறுத்து" என்பேன். "ரேடியோக்குக் காது கேக்காது மைனி" என்று சொல்லிவிட்டு மேலே பாடுவாள்.

அடுத்த வீட்டில் மலையாளத்து டீச்சர் ஒருவர் இருந்தார். பள்ளிக்கூடத்தில் பாட்டும் வீணையும் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு நாள் வந்து, "மோளே, இது சும்மா அடுக்களைல பாடித் தீக்கற பாட்டில்ல, கேட்டோ" என்றார். அன்றிலிருந்து மத்தியானம் அவர் வீட்டில் வீணையோடு பழக்கம். ஒரு குரல், ஒரு வீணை, பக்கத்தில் சுருதிப் பெட்டி, அவ்வளவுதான். மிருதங்கம் வேண்டாம், வார்த்தை அமுங்கிப் போகும் என்று டீச்சர் சொன்னார். சுருதிப் பெட்டி அமுக்க என்னைக் கூப்பிட்டார்கள். ஆபீஸ் விட்டு வந்து இரண்டு மூன்று நாள் உட்கார்ந்தேன். எல்லாப் பாட்டையும் நான் கேட்கவில்லை.

கோட்டைப் பக்கத்து வாசகசாலைக் கூடத்தில் பாடுவதாக ஏற்பாடு. நவராத்திரியில் புத்தகங்களைப் பூஜைக்கு வைத்துவிட்டால் சரஸ்வதி பூஜை முடிகிற வரை யாரும் எழுத்தைத் தொடக் கூடாது, பேப்பர்கூடப் படிக்கக் கூடாது. வாசகசாலையில் படிக்க முடியாவிட்டால் வேறு என்ன வேலை? கூடம் சும்மாதானே கிடக்கிறது என்று டீச்சர் செக்ரட்டரியிடம் கேட்டு வாங்கினார். புத்தகங்களை அடுக்கி, பட்டுத் துணி போர்த்தி, விளக்கு வைத்திருந்தார்கள். அதன் முன்னால் பாயை விரித்து நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்தோம்.

இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். கோட்டைக்குள் அரண்மனை மண்டபத்தில் நவராத்திரிக்குக் கச்சேரி நடக்கும். எவ்வளவு பெரிய வித்வான் பாடினாலும் யாரும் கை தட்டக் கூடாது. பாடுவது அம்மனுக்கு, கேட்பது நம் பாக்கியம், அவ்வளவுதான். பெண்களுக்கு உள்ளே இடமும் கிடையாது, வெளியே நின்று கேட்டுவிட்டு வருவோம். சின்ன வயதிலிருந்து அப்படியே கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். விளக்கும் பூஜையும் இருக்கிற இடத்தில் பாட்டு முடிந்தால் எங்கள் கை தானாக மடியிலேயே கிடக்கும். அன்று கூடத்தில் இருந்த நாற்பது பேரும் அந்தப் பழக்கக்காரர்கள். வேறு ஊரிலிருந்து வந்து, இங்கே முதல் நவராத்திரியைப் பார்க்கிற ஒரே ஆள் பாடுகிறவள்தான்.

குழாயடிப் பாட்டு முடிந்தது. சத்தமே இல்லை. எனக்கு அது வித்தியாசமாகப் படவே இல்லை. அவள் மட்டும் திரும்பி என்னைப் பார்த்தாள். கடிதப் பாட்டு முடிந்தது. அதற்கும் சத்தமில்லை. தொடையில் போட்டுக்கொண்டிருந்த தாளத்தை நிறுத்திவிட்டாள். பயப்படுகிறாள் என்று நினைத்தேன். அடுத்தடுத்து நாலு பாட்டு பாடினாள். கடைசிப் பாட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டாள். அதை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

ஆறு தட்டு கழுவி வைத்தேன்,
ஒரு தட்டில் கேசரி தொடவே இல்லை.
வந்தவர் போனார், வண்டிச் சத்தமும் போனது,
மூத்தவள் சேலை மாற்றாமல் இருக்கிறாள்.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்! அந்த வருஷம் மட்டும் மூன்று தடவை வந்தார்கள். மூன்று தடவையும் தட்டு கழுவியது அவள். என் கை நின்றுவிட்டது. சுருதி ஒரு விநாடி அறுந்தது. டீச்சர் வீணையிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். மறுபடியும் அமுக்கினேன். எதிரே பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நான் பார்த்தேன். அவள் பார்க்கவில்லை. எனக்கு ஒன்றுதான் ஓடியது: இத்தனை பேர் நடுவில் என்னைத் துணி அவிழ்த்து நிறுத்திவிட்டாளே.

முடிந்ததும் அவள் டீச்சரோடு உள்ளே வீணைக்கு உறை போட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கத்தில் வீட்டு மருமகளிடம் நேராக எதையும் கேட்க மாட்டார்கள், மூத்த பெண்ணிடம்தான் கேட்பார்கள். செக்ரட்டரி என்னிடம் வந்தார்.

"சேச்சி, அடுத்த மாசம் இதுபோல ஒரு பாட்டுப் பரிபாடி கூட வைக்கலாமா? ஆளுகள் இப்பவே கேக்கறா. அந்தப் பாத்திரம் கழுகற பாட்டு... எனக்கு எங்க அக்கா ஓர்மை வந்துபோச்சு."

"அவளுக்குச் சௌகரியப்படாது" என்றேன்.

"வீட்டுல கேட்டுட்டு மெதுவாச் சொன்னா மதி."

"நான்தான் வீடு. சௌகரியப்படாது."

அவர் முகம் சுருங்கிப் போய்விட்டது. நான் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

திரும்பி நடக்கும்போது கடைகளில் விளக்குப் போட்டிருந்தார்கள். கணபதி கோயில் பக்கம் ஒரே கூட்டம். அவள் என் பக்கத்தில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். பிறகு கேட்டாள்.

"மைனி, ஒருத்தர்கூடக் கை தட்டலையே. அவ்வளவு மோசமாவா பாடினேன்?"

நான் பேசாமல் இருந்துவிட்டேன் என்று எழுதினால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருக்கும். அது பொய். வாயைத் திறந்து சொன்னேன்.

"ஆமா. எல்லாரும் நெளிஞ்சுக்கிட்டுதான் உக்காந்திருந்தா. வீட்டு விஷயத்த எல்லாம் பாட்டாப் பாடினா யாருக்குப் பிடிக்கும்?"

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அழவில்லை. வீட்டுக்கு வந்து தோசைக்கல்லை அடுப்பில் போட்டாள். கடையிலிருந்து வந்த தம்பி, "கச்சேரி எப்படி?" என்றான். "முடிஞ்சுது" என்றாள். அவனும் அதற்கு மேல் கேட்கவில்லை. பூஜைக் காலத்தில் பாத்திரக் கடைக்காரனுக்கு நிற்க நேரம் இருக்காது. பாட்டு என்றாலே அவனுக்குத் தூக்கம் வரும்.

மறுநாள் டீச்சர் வந்து, "நன்னாயி மோளே, ரொம்ப நன்னாயி" என்று அவள் கன்னத்தைத் தொட்டார். அவர் போனதும் அவள் என்னிடம், "டீச்சர் நல்லவங்க மைனி. மனசு நோகக் கூடாதுன்னு சொல்லுதாங்க" என்றாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்தான். கோபம் தீரவில்லை, சொல்லவில்லை. அந்த மாதமே டீச்சர் மலைப் பக்கம் வித்துராவில் இருக்கிற மகன் வீட்டோடு போய்விட்டார். உண்மையைச் சொல்ல மிச்சமிருந்த ஆள் நான் ஒருத்திதான்.

அதன் பிறகு வீட்டில் அரைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. முதலில் எனக்கு நிம்மதியாக இருந்தது என்றுகூடச் சொல்வேன். ஒரு வருஷம் கழித்துதான் உறைத்தது. குழாயடியில் ஒரு பெண், "எந்தா இப்போ பாட்டில்லாத்தது?" என்று கேட்க, அவள், "எனக்குப் பாட வராது சேச்சி" என்று சொன்னதை ஜன்னல் வழியாகக் கேட்டேன். பாட்டு நோட்டில் மிச்சமிருந்த தாள்களில் பின்னாளில் பிள்ளைக்கு வாய்ப்பாடு எழுதிக் கொடுத்தாள். கச்சேரி என்று யார் கூப்பிட்டாலும் வேலை இருக்கிறது என்பாள். எத்தனையோ தடவை சொல்ல வாய் எடுத்தேன். நாள் போகப் போக அதைச் சொல்வதே ஒரு பெரிய குற்றத்தை ஒப்புக்கொள்வதாக ஆகிவிட்டது. எனக்குக் கல்யாணமும் ஆகவில்லை. அவள் கையால்தான் சாப்பிட்டேன்.

எண்பதுகளில் அவள் மகளுக்குப் பத்து வயது. பள்ளிக்கூடத்தில் பாட்டு கற்றுக்கொண்டிருந்தது. நவராத்திரிக்குக் கோட்டைக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்று அடம். அம்மாவும் வர வேண்டும் என்று கையைப் பிடித்து இழுத்தது. நான் தடுக்கப் பார்த்தேன். கால் வலிக்கும், கூட்டமாக இருக்கும் என்றேன். நடக்கவில்லை. மூன்று பேரும் போய் வெளியே பெண்களோடு நின்றோம். உள்ளே யாரோ நன்றாகப் பாடினார். முடிந்ததும் குழந்தை படபடவென்று கை தட்டியது.

பக்கத்தில் நின்ற அம்மாள் அதன் கையைப் பிடித்துக்கொண்டாள். "அய்யோ மோளே, இங்க கை கொட்டக் கூடாது."

என் தம்பி மனைவி கேட்டாள். "யாருமே தட்ட மாட்டாவளா?"

"இல்ல. இங்கத்தப் பழக்கம் அது. எங்க ஆளுகளுக்கு வேற எடத்துல விளக்கு வச்சுப் பாடினாலும் தட்டறதுக்குக் கை பொங்காது."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கண்ணை எடுக்கவில்லை. அந்த அளவுக்காவது நேர்மையாக இருந்தேன்.

கிழக்கேகோட்டையில் பஸ் இரைச்சலுக்கு நடுவே கேட்டாள். "உங்களுக்குத் தெரியும்லா?"

"தெரியும்."

"அன்னைக்கே?"

"அன்னைக்கே." செக்ரட்டரி வந்து கேட்டது, நான் முடியாது என்றது எல்லாவற்றையும் அங்கேயே கொட்டிவிட்டேன். "அந்தத் தட்டுப் பாட்டுக்குத்தான். நீ என்னைக் கேலி பண்ணினேன்னு நெனச்சேன்."

"கேலியா?" நின்றுவிட்டாள். "நீங்க சேல மாத்தாம உக்காந்திருந்திய. கிட்ட வந்து ஒரு வார்த்த கேக்க எனக்குப் பயம், கடிச்சுக் குதறிருவிய. வேற எப்படிச் சொல்லுவேன்? அதான் பாடினேன்."

நான் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பிள்ளைக்குப் பசிக்கும், வாங்க" என்று முன்னால் நடந்தாள்.

அடுத்த வாரம் வாசகசாலைக்குப் போனேன். பழைய செக்ரட்டரி செத்துப்போயிருந்தார். புதிதாக ஒரு இளைஞன் இருந்தான். அவனுக்கு எங்களைத் தெரியாது. அரை மணி நேரம் வாதாடி, கெஞ்சி, ஒரு சாயங்காலத்துக்குக் கூடத்தைக் கேட்டு வாங்கினேன். நான் யாரிடமும் கெஞ்சினது அது ஒரு தடவைதான். வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன்.

அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"அன்னைக்குக் கேட்டவங்க எத்தன பேரு மைனி இப்ப இருக்காவ? நீங்க கேட்டு வாங்கிக் குடுக்கிற மேடையில நான் ஏற மாட்டேன்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் அதைவிட மோசமாகச் சொல்லியிருப்பேன். மறுநாள் காலையில் ஆபீசுக்குப் போகிற வழியில் அந்த இளைஞனைப் பார்த்து, கூடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனேன்.