படிகாரக்காரரின் இலவச வைத்தியம்

தெருவில் அவருக்குப் படிகாரக்காரர் என்று பெயர். தொழில் முடிதிருத்துவது, ஆசை வைத்தியம் பார்ப்பது. வீட்டு முன்னறைதான் கடை. சுழலும் நாற்காலி, ஓரம் கறுத்த கண்ணாடி, அதன் கீழே சோப்புக் கட்டி அளவில் படிகாரம்.

உடம்பில் எதுவும் தொளதொளவென்று இருக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. ஈறு தளர்ந்தால் படிகாரத் தண்ணீரில் வாய் கொப்பளிக்க வேண்டும். அக்குள் வேர்த்தால் படிகாரம் தடவ வேண்டும். வயிறு கழிந்தால் பால் சேர்க்காத கடுந்தேநீர்தான். "துவர்ப்பு பட்டா சதை சுருங்கும், ஒழுகறது நிக்கும். இதுக்கு எதுக்கு டாக்டரு?" என்பார். அந்தத் தேநீரைக் குடித்த தையல்காரர் வயிறு கல்லாகி, தையல் மிஷின் முன்னால் உட்கார முடியாமல் நெளிந்தார். "பாத்தியா, நின்னுடுச்சு!" என்று வைத்தியர் பூரித்துப் போனார்.

இந்தப் பிரசாரம் சமீபத்தில் சூடு பிடித்ததற்கு ஒரு காரணம் உண்டு. அவருடைய வலது கை நடுங்க ஆரம்பித்திருந்தது. தாடை ஓரம் இறங்கும் கத்தி லேசாகத் துள்ளும். ரத்தம் எட்டிப் பார்ப்பதற்குள் படிகாரம் அங்கே போய் நிற்கும். "முகத்தை இறுக்கற ட்ரீட்மென்ட். உங்களுக்கு மட்டும் இலவசம்" என்று காது குளிரச் சொல்வார். வெட்டியதற்கும் நன்றி வாங்கிய ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார். ஆனால் உள்ளுக்குள் பயம் அரித்தது. கத்தி கையை விட்டுப் போனால் தான் யார் என்று அவருக்கே தெரியாது.

ஒரு நாள் சவரத்துக்கு மைத்துனர் வந்தார், மனைவியின் தம்பி. நெஞ்சு வலி வந்ததிலிருந்து ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர். அந்த மாத்திரையை மருந்துக்கடையில் வாங்கி வந்து கொடுப்பதே படிகாரக்காரர்தான். மாத்திரை நெஞ்சுக்கு, கத்தி கன்னத்துக்கு, இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அந்த மகா வைத்தியர் இருந்துவிட்டார்.

கத்தி துள்ளியது. படிகாரம் தேய்த்தார். நிற்கவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தார். கழுத்துத் துண்டு சிவந்தது. துவர்ப்பின் மகிமை பேசிய வாய் உலர்ந்து ஒட்டிக்கொண்டது.

சத்தமே இல்லாத கடை சந்தேகம் தர, உள்ளேயிருந்து மனைவி ஓடி வந்தாள். படிகாரக் கட்டியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, சுத்தமான துணியை வைத்துக் காயத்தை விடாமல் அழுத்திப் பிடித்தாள். வெகுநேரம் கழித்துத்தான் ரத்தம் நின்றது. பிறகு கணவனின் கையைப் பார்த்தாள். ஒளிக்க நேரமில்லாமல் அது ஆடிக்கொண்டிருந்தது.

"நாளைக்கே டாக்டர்கிட்ட போறோம்" என்றாள்.

"இன்னைக்குத்தான் ஏதோ... கை வழுக்கிடுச்சு" என்று சப்பைக்கட்டு கட்டினார்.

மைத்துனர் தாடையைப் பிடித்துக்கொண்டே எழுந்தார். "போன தடவையும் லேசா வழுக்குச்சு மாமா. வெட்டின இடத்துல படிகாரம் வச்சா எரியும்னு உங்களுக்குத் தெரியாதா? இந்தத் தெருவுல எரியாத மூஞ்சியே இல்ல."

படிகாரக்காரர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். அவமானம் பிடுங்கித் தின்றது.

"அப்போ எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன்டா வந்தீங்க?"

"வராம இருந்தா, எங்களுக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரிஞ்சுடுமே."